வண்டி வரும் வரை நம் கையில்: தீயணைப்பு பற்றி ஒரு பாடம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, பதிவேடு எழுதுவது என்று பல பாடங்கள் படித்திருக்கிறோம். பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைப் பத்து நிமிஷத்தில் கொண்டுபோகிற ஒன்றைப் பற்றி இந்த மாதம் படிப்போம். அதுதான் தீ. வீடு போகும். கடன் வாங்கி வாங்கிய கறவை மாடு போகும். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், குழுவின் பதிவேடு எல்லாம் போகும். உயிர் போனால் சொல்லவே வேண்டாம்.

"தீப்பிடித்தால் ஃபயர் சர்வீஸ் வரும், அணைத்துவிடும்" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வண்டி வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வரும் வரை என்ன செய்வது? வந்த பிறகு அது வேலை செய்ய நம் ஊர் தயாராக இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தீயணைப்பு நிலையம் பெரும்பாலும் நகரத்திலோ, தாலுகா தலைநகரிலோ இருக்கும். நம் ஊர் அங்கிருந்து 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிராமத்து ரோட்டில் பாரமான வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை மணி நேரம் ஆகும். யாராவது போன் செய்திருப்பார்கள் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டால் அதில் இன்னும் பத்து நிமிஷம் சேரும்.

காய்ந்த கீற்றுக் கூரையில் தீ ஏறினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வீடு தரைமட்டம். அப்படியானால் வண்டி எதற்கு? அடுத்த வீட்டையும், அதற்கடுத்த தெருவையும் காப்பாற்ற வண்டி கண்டிப்பாக வேண்டும். ஆனால் முதல் வீட்டில் இருக்கிற உயிரைக் காப்பாற்றப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அதாவது நாம்தான்.

வண்டியில் என்ன இருக்கிறது?

சிவப்பு வண்டியைப் பார்த்திருப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது வரும்போது நாம் எப்படி உதவலாம் என்று புரியும்.

தண்ணீர்த் தொட்டி: நம் பகுதிக்கு வரும் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் 4500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நம் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 300 குடம். கேட்க அதிகம்தான். ஆனால் ஒரு குழாயில் நிமிஷத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால் பத்தே நிமிஷத்தில் தொட்டி காலி.

பம்பு: வண்டியின் இன்ஜின் சக்தியிலேயே ஓடும். தொட்டியில் உள்ள தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும். குளம், கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சவும் செய்யும்.

குழாய்கள்: துணியால் நெய்து உள்ளே ரப்பர் வைத்த, சுருட்டி வைக்கக்கூடிய குழாய், தீயிடம் தண்ணீர் கொண்டு போவதற்கு. கெட்டியான, மடங்காத கறுப்புக் குழாய், குளத்தில் இறக்கி உறிஞ்சுவதற்கு. அதன் முனையில் இலை தழை, மீன் உள்ளே போகாமல் சல்லடை இருக்கும். நெய்த குழாயின் மேல் டிராக்டரோ பைக்கோ ஏறினால் குழாய் கிழியும், தீயை அணைக்கும் ஆளுக்குத் தண்ணீர் நின்றுபோகும். வேடிக்கை பார்க்க வரும் வண்டிகளை நிறுத்தி வைப்பது நம் வேலை.

இவை தவிர ஏணி, கயிறு, கோடாரி, கடப்பாரை, கூரையைப் பிடித்து இழுக்கும் நீளக் கொக்கி, புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர் ஆகியவையும் இருக்கும். எல்லா வண்டியிலும் எல்லாமும் இருக்காது. நம் பக்கத்து நிலையத்தில் என்ன இருக்கிறது என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் எங்கே? வழி எங்கே?

தொட்டி காலியானதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எங்கேம்மா இருக்கு?" என்பதுதான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே நின்று உறிஞ்சும் எந்தப் பம்பும் சுமார் 7 மீட்டர், அதாவது 23 அடி ஆழத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை நன்றாக எடுக்காது. பம்பு எவ்வளவு பெரிதானாலும் அப்படித்தான். ஆகவே 60 அடிக் கிணற்றைக் காட்டினால் பயனில்லை. நிரம்பிய குளம், வாய்க்கால், மேல் மட்டத்தில் தண்ணீர் நிற்கும் கிணறு, பண்ணைத் தொட்டி இவைதான் உதவும்.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியும் நல்ல வழி. 30,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் வண்டியை ஆறு தடவைக்கு மேல் நிரப்பலாம். ஆனால் வால்வு திறக்கத் தெரிந்தவர் யார், அவர் செல்போன் நம்பர் என்ன என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. தீப்பிடித்தால் மின்வாரியத்தில் சொல்லி அந்தப் பக்கம் கரண்டை நிறுத்தச் சொல்வோம். கரண்ட் நின்றால் போர் மோட்டாரும் நிற்கும். ஆகவே மோட்டாரை நம்பி இருக்காமல் டிரம், தொட்டிகளில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது வழி. வண்டியில் தண்ணீர் மட்டுமே நாலரை டன் எடை. இடிந்த சிறு பாலத்தின் மேல் அது வர முடியாது. தெருவில் வைக்கோல் போர், மணல் குவியல், கல்யாணப் பந்தல், தாழத் தொங்கும் ஒயர் இருந்தால் உள்ளே நுழைய முடியாது. நம் தெருக்கோடி வரை வண்டி வருமா? இன்று சாயந்திரமே நடந்து பார்த்துவிடலாம்.

நிலையத்தில் இருப்பவர்கள்

தீயணைப்பு நிலையத்தில் இரவு பகல் எந்நேரமும் ஆள் உண்டு. மணி அடித்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வண்டியில் ஏறுவார்கள். தீ இல்லாத நாளில் சும்மா இருப்பதில்லை. உடற்பயிற்சி, குழாய் விரித்துச் சுருட்டும் பயிற்சி, ஏணிப் பயிற்சி, பம்பை ஓட்டிப் பார்ப்பது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பது, சாலை விபத்தில் வண்டிக்குள் மாட்டியவரை வெளியே எடுப்பது எல்லாம் அவர்கள் செய்கிறார்கள். துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. தீயை அணைக்கவும் உயிரைக் காக்கவும் வருவதற்குக் காசு கிடையாது. "கூப்பிட்டால் பணம் கேட்பார்களோ" என்று யாரும் தயங்க வேண்டாம்.

இது ஆண்கள் வேலை என்று நினைக்கவும் வேண்டாம். 2003-ல் மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் என்ற இரண்டு பெண்கள் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தபோது பிரியா ரவிச்சந்திரன் உள்ளே போய்ப் பலத்த காயம் அடைந்தார். அந்தத் தீயில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அப்போது நிலையத்தினர் ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் காட்டுவார்கள். நம் ஊராட்சிக்கும் கூப்பிடலாம்.

போன் செய்வது எப்படி?

தீயணைப்புக்கு 101. எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்சுக்கு 108. செல்போனில் 101 அடித்தால் சில நேரம் வேறு ஊர் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். ஆகவே நம் பக்கத்து நிலையத்தின் நேரடி நம்பரையும் எழுதி வையுங்கள்.

"சார், ஊர்ல தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டால் அவர்கள் எங்கே வருவார்கள்? ஒரு வட்டாரத்தில் மூன்று மேட்டுப்பட்டி இருக்கும். உதாரணத்துக்கு இப்படிப் பேச வேண்டும்:

"வணக்கம் சார். மேட்டுப்பட்டி கிழக்குத் தெருவுல இருந்து பேசறேன். மகளிர் குழு ஊக்குநர்."

"சொல்லுங்கம்மா. எந்த மேட்டுப்பட்டி?"

"ரயில்வே கேட் தாண்டி வர்ற மேட்டுப்பட்டி சார். கூரை வீடு எரியுது. ஒட்டி இன்னும் மூணு கூரை வீடு இருக்கு. ஆளுங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. உள்ள கேஸ் சிலிண்டர் ஒண்ணு இருக்கு."

"வழி எப்படிம்மா?"

"மெயின் ரோட்டுல பஸ் ஸ்டாப்புகிட்ட ஆள் நிப்பாங்க சார், கூட்டிட்டு வருவாங்க. கோயில் பக்கம் குளத்துல தண்ணி இருக்கு."

"சரிம்மா, கிளம்பிட்டோம். இந்த போனை வேற யாருக்கும் பேசாம வச்சிருங்க."

எங்கே, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, வழி எது, தண்ணீர் எங்கே. இந்த ஐந்தும் சொன்னால் போதும்.

எந்தத் தீக்கு எது?

எரிகிற பொருள், சூடு, காற்று மூன்றும் சேர்ந்தால்தான் தீ. நாம் தினமும் அடுப்பில் செய்வதுதான் இது. விறகை வெளியே இழுத்தால் அடங்கும். தண்ணீர் தெளித்தால் சூடு போய் அணையும். மூடினால் காற்று இல்லாமல் அணையும். எந்தத் தீயையும் இந்த மூன்றில் ஒரு வழியில்தான் அணைக்க வேண்டும். ஆனால் எல்லாத் தீக்கும் தண்ணீர் ஆகாது.

கூரை, வைக்கோல், துணி, விறகு: தண்ணீர், மண். எரியும் கூரையில் தண்ணீர் ஊற்றுவதோடு பக்கத்து வீட்டுக் கூரையையும் நனையுங்கள். முடியாவிட்டால் இடையில் உள்ள கீற்றைத் தொரட்டியால் இழுத்துப் போடுங்கள். தாண்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் தீ நிற்கும். தொழுவத்தில் மாட்டுக் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை என்றால் அரிவாளால் அறுத்துவிடுங்கள்.

எண்ணெய்ச் சட்டி: தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகும். எரியும் எண்ணெயை முகத்திலும் கூரையிலும் வீசும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டாலோ மூடியாலோ மூடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆறும் வரை திறக்காதீர்கள்.

கரண்ட் தீ: முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு முன் தண்ணீர் கூடாது. அறுந்து விழுந்த ஒயர் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

கேஸ் வாடை: கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் படுத்துக் கிடக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணில் சொல்லலாம். சிலிண்டரைச் சுற்றியே தீ என்றால் அதைத் தொடப் போகாதீர்கள். ஊரைத் தள்ளி நிறுத்திவிட்டு 101-க்குப் பேசுங்கள்.

புகை நிறைந்த வீடு: புகை மேலே நிற்கும், கீழே கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். தவழ்ந்து வெளியே வாருங்கள். சின்னப் பிள்ளைகள் பயத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வெளியே வந்ததும் தலை எண்ணிப் பாருங்கள். பீரோவில் இருக்கும் நகைக்காக யாரும் திரும்பப் போகக் கூடாது.

சேலையில் தீ பிடித்தால்

சமைக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வோம். நைலான், பாலியஸ்டர் சேலை உருகி உடம்பில் ஒட்டும். அடுப்படிக்குப் பருத்திதான் நல்லது.

தீப்பிடித்துவிட்டால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டு இன்னும் எரியும். நில்லுங்கள், கீழே படுங்கள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ, நனைத்த சாக்கோ போட்டுப் போர்த்தலாம்.

தீ அணைந்ததும் காயத்தின் மேல் சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் சூடு அப்போதுதான் இறங்கும். வளையல், மோதிரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இங்க், மாவு, பேஸ்ட், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிவப்பு சிலிண்டரைப் பயன்படுத்தத் தெரியுமா?

ரேஷன் கடை, பள்ளி, வங்கி, சத்துணவு மையச் சுவரில் சின்ன சிவப்பு தீயணைப்பான் மாட்டியிருக்கும். அதை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? வழி சுலபம். பின்னை இழுங்கள். காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி, ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டுங்கள், மேலே ஆடும் ஜுவாலைக்கு அல்ல. பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாகப் பெருக்குவது போல அடியுங்கள். சின்ன சிலிண்டர் அரை நிமிஷம்கூட வராது. ஆகவே சின்னத் தீக்கு மட்டும்தான் அது. வெளியே போகும் வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கும்பகோணம் சொன்ன பாடம்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பிடித்த தீ, வகுப்பறைக் கீற்றுக்குத் தாவியது. மாடியிலிருந்து இறங்கும் வழி குறுகல். கீற்றுக் கூரை, பக்கத்திலேயே அடுப்பு, ஒரே வழி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது.

2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பல பள்ளிகளில் சமைக்கும் பொறுப்பு நம் குழுப் பெண்களிடம் வந்தது. பிள்ளைகளுக்குச் சமைக்கும் எந்த இடமானாலும் இதைக் கேட்டுக்கொள்வோம்: அடுப்புக்கு மேல் என்ன கூரை? வெளியே வர இரண்டு வழி உண்டா? சிலிண்டரை அடைக்க எல்லோருக்கும் தெரியுமா? கதவுக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருக்கிறதா?

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

இந்தப் பாடத்தை ஊக்குநரோ பிரதிநிதியோ கூட்டத்தில் சத்தமாகப் படிக்கட்டும். பிறகு கேட்டுப் பாருங்கள்:

1. நம் பக்கத்து நிலையம் எது? எத்தனை கிலோமீட்டர்? நேரடி நம்பர் என்ன?

2. வண்டி நம் தெருக்கோடி வரை வருமா? எது தடையாக இருக்கிறது?

3. கோடையில்கூட 23 அடிக்குள் தண்ணீர் நிற்கும் இடம் எது? மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறப்பவர் யார்?

4. தெருவில் நடக்க முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, நிறைமாத கர்ப்பிணி எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களைத் தூக்கி வரப் போவது யார்?

5. குழுப் பதிவேடு, பாஸ் புத்தகம் எந்த வீட்டில், எதில் இருக்கிறது? தகரப் பெட்டி உண்டா? முக்கியமான பக்கங்களின் நகல் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறதா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். தெருவுக்கு ஒரு ஏணி, இரண்டு தொரட்டி, நாலு வாளி, நாலு சாக்கு, ஒரு டிரம் மண் என்று ஒரு இடத்தில் வைக்கக் குழு முடிவு செய்யலாம். இதில் பாதிப் பொருள் நம் வீடுகளிலேயே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தீ விபத்து நடந்துவிட்டால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கேஸ் விபத்து என்றால் ஏஜென்சிக்கும் உடனே தெரிவியுங்கள், பதிவு பெற்ற வாடிக்கையாளருக்குக் காப்பீடு உண்டு. நஷ்ட ஈடு கேட்கத் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை தேவைப்படும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் நிலையத்தின் நம்பரையும், தண்ணீர் இடத்தையும், வழிகாட்ட நிற்கப் போகிறவர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்தத் தாளின் நகலை எல்லோர் அடுப்படிச் சுவரிலும் ஒட்டுவோம்.